காரணம் என்ற கட்டம்

பழுதாய்வுக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

ஓய்வு பெற்றவனை அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் இரண்டு மணி நேரம் பேசுவான் என்ற பயத்தில், "அண்ணே, எழுதியே கொடுத்துடுங்க லா, நாங்க படிச்சிக்கறோம்" என்று தந்திரமாகச் சொல்லிவிட்டீர்கள். சரி. எழுதுவதில் எனக்கும் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பது என் கண்ணில் படாது.

எந்தக் கருவியை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. என் காலத்துக் கருவிகளில் பாதி இந்நேரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு சிப்புக்கும் நாம் நிரப்பிக் கொடுக்கிற படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வருமே, அது. அதற்குக் கீழே மூன்று சின்னப் பெட்டிகள்: பொருள், இயந்திரம், ஆள். ஏதாவது ஒன்றில் குறி போட்டால்தான் கணினி அடுத்த பக்கத்துக்கே போகும். 'ஆள்' என்ற பெட்டியில் நான் எத்தனை முறை குறி போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அந்தக் கட்டம் ஒரு பெண்ணின் பத்தொன்பது வருட வேலையைத் தின்னப் பார்த்தது. அதில் பாதிப் பழி என்னுடையது.

அதைச் சொல்வதற்கு முன் என் அறிவின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கையேட்டில் படித்தேன்: சிப்புக்குள் இருக்கும் எலக்ட்ரான் சில சமயம் சுவரில் சுரங்கம் போட்டு அந்தப் பக்கம் போய்விடும் என்று. சுரங்கம் என்றால் ஓட்டை இருக்க வேண்டும் அல்லவா? இரண்டு வாரம் மதிய உணவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்த ஓட்டையைத் தேடினேன். அப்போதைய மேலதிகாரி ஒரு சீனர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பதினைந்தாம் நாள், "ஓட்டை கிடைத்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கிடைக்காது. ஓட்டை போடாமலேதான் போகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்தது. ஓட்டை இல்லாத சுவர் வழியாக ஒன்று எப்படிப் போகும்? அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கணக்கு வந்த பக்கங்களைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன், மறைக்கவில்லை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எலக்ட்ரானை இன்ன இடத்தில் இருக்கிறது என்று நம் வீட்டு நாற்காலியைச் சொல்வதுபோல் சொல்ல முடியாது. இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். சுவர் மெல்லியதாக இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. லட்சம் எலக்ட்ரான்களில் எத்தனை தாண்டும் என்று துல்லியமாகச் சொல்லலாம். இந்த ஒன்று எப்போது தாண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஜார்ஜ் டவுனில் ஒரு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது குடத்தைப் பற்றி. ஒரு குடம் உண்டாக வேண்டுமானால் மூன்று வேண்டும். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் குடம் இல்லை. உலகம் என்ற குடத்துக்கும் ஒரு குயவன் உண்டு என்று அங்கிருந்து கடவுளுக்குப் போவார்கள். நான் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன், எனக்கு அது வெல்லம் மாதிரி இறங்கியது. நம் படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம் வேறு. பொருள், இயந்திரம், ஆள். மண், சக்கரம், குயவன். கம்பெனிக்காரன் நம்மிடம்தான் கற்றுக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இனி கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு சிப்புகள் திரும்பி வந்தன. மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகளின் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகளில் இருந்தவை. ஒரே மருத்துவமனையில், ஒரே வாரத்தில், இரண்டு கருவிகள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நினைவிழந்து தாமாக அணைந்து மீண்டும் எழுந்திருக்கின்றன. தாதி பக்கத்திலேயே இருந்ததால் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பதினோரு மணிக்குள் நம் உற்பத்தி லைன் முழுக்க 'ஒரு பிள்ளை செத்துப்போச்சாம்' என்று பேச்சு பரவிவிட்டது.

கூடத்துக்குத் தலைவர் அப்போது சந்திரன். படித்த பிள்ளை, என்னைவிட இருபது வயது இளையவர், கெட்டவர் அல்ல. மேலிடத்தின் தொலைபேசி மணி அடித்தால் மட்டும் முகம் வெளுத்துவிடும். "மணியம் அண்ணே, சாயங்காலத்துக்குள்ள ஒரு சிப்ப திறந்து உள்ள படம் எடுத்து அனுப்பணும். மேல இருந்து பிடுங்கறாங்க" என்றார்.

பயணம் செய்து வந்த சிப்பில் ஈரம் ஏறியிருக்கும். திறக்கும் முன் சூடேற்றும் பெட்டியில் வைத்து உலர்த்துவது வழக்கம். ஆனால் உலர்த்துவதற்கும் முன்னால் அது எப்படிக் கெட்டிருக்கிறது என்று சோதித்துவிட வேண்டும், ஏனென்றால் சூடு சில குறைகளை ஆற்றிவிடும். இது முதல் பாடம். இருபது வருடம் மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கு அவசரத்தில், கை பழகிய வழியில் போய், முதல் சிப்பை நேராகப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சாயங்காலம் எடுத்துச் சோதித்தால் பத்தரைமாற்றுத் தங்கமாக இருக்கிறது. எத்தனை முறை சோதித்தாலும் நல்ல சிப். அதற்குள் இருந்த குறை என்னவோ, அது சூட்டோடு போயே போய்விட்டது. கள்ளனைப் பிடிக்கப் போனவனே காலடித் தடத்தைக் கழுவிவிட்டான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சந்திரன் ஒரு காகிதத்தோடு வந்தார். ஒவ்வொரு தட்டுச் சிப்போடும் போகும் காகிதம் அது. சிப்பை வெளியே அனுப்பும் முன் இயந்திரத்தில் சூடேற்றி ஓட்டிப் பார்க்கும் சூட்டுச் சோதனை முடிந்ததும் அதில் முத்திரை குத்த வேண்டும். லைனில் அதை 'சாப் அடிப்பது' என்பார்கள். திரும்பி வந்த சிப்புகள் இருந்த தட்டின் காகிதத்தில் இருந்த சாப், லைனில் வேலை செய்யும் பார்வதியுடையது.

"மெஷினோட ரெக்கார்டு மூனு மாசத்துக்கு மேல நிக்காது, அழிஞ்சிருச்சி. இந்தப் பேப்பர் ஒன்னுதான் இருக்கு" என்றார். "சிப் கெட்டிருக்கு. பேப்பர் நல்லதுன்னு சொல்லுது. அப்ப டெஸ்ட்டே ஓடல, சும்மா சாப் அடிச்சிருக்காங்க. வியாழக்கிழம பத்து மணிக்கு விசாரணை. நீங்க 'ஆள்'ல ஒரு குறி போட்டுட்டா நம்ம வேல முடிஞ்சிதுண்ணே."

"அந்தப் பொண்ணுக்கு?"

"பொய் சாப்புன்னா வேல போயிரும். பத்தொம்பது வருஷம்னு பார்க்க மாட்டாங்க."

"நான் சூடேத்துன சிப்பு?"

சந்திரன் கதவைப் பார்த்தார். "அத எழுத வேணாம்ணே. ஒரு சிப்புதான் சோதிச்சோம்னு இருக்கட்டும்."

பார்வதியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வருவார். கணவர் காலமாகிவிட்டார், வீட்டில் சம்பாத்தியம் அவர் ஒருத்தருடையதுதான். அன்று பத்து மணி இடைவேளையில் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். அந்த நிலைமையிலும் முதலில் கேட்டது, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்றுதான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சாமேண்ணே. என்னாலயா?"

"பிள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகலம்மா. நல்லா இருக்காங்க. நானே ரிப்போர்ட்டுல பார்த்தேன்."

நம்பினாரா என்று தெரியவில்லை. அவரிடம் கேட்கக் கூடாத கேள்வியை நான் கேட்டேன். "அன்னிக்கு டெஸ்ட் ஓடிச்சா, பார்வதி?"

"மெஷின் முடியறது மூனு அஞ்சி. பஸ் கிளம்பறது மூனு பத்து. லாக்கருக்கு ஓடணும், கேட்டுக்கு ஓடணும். அதனால ரெண்டு மணிக்கே சாப் அடிச்சி வெச்சிருவோம். எல்லாருந்தாண்ணே. சூப்பர்வைசருக்கும் பேப்பர் ரெடியா இருந்தா சந்தோஷம். போறப்ப பச்ச லைட்டு எரியுதான்னு ஒரு பார்வ பார்த்துட்டு ஓடுவோம்."

"அன்னிக்குப் பார்த்தியா?"

"பார்த்திருப்பேன்." வாயைப் பொத்திக்கொண்டார். "ஞாபகம் இல்லண்ணே. எட்டு மாசம் ஆச்சு. சாமி சத்தியமா ஞாபகம் இல்ல." போகும்போது திரும்பி, "நீங்க அந்தச் சிப்ப கேட்டுச் சொல்லுங்கண்ணே. அதுக்குத் தெரியுமில்ல?" என்றார்.

மிஞ்சியிருந்தது இரண்டாவது சிப் ஒன்றுதான். அதை நான் திறக்கவில்லை, சூடேற்றவில்லை, சாமி அறையில் வைத்த மாதிரி வைத்துக்கொண்டேன். செய்தியை நினைவில் வைக்கும் சிப் அது. ஒரு செய்தியை எழுது, ஒரு நிமிடம் காத்திரு, மறக்காமல் வைத்திருக்கிறதா என்று வாசித்துப் பார். மறுபடி எழுது. கணினியிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நல்லது. நல்லது. நல்லது. செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க நல்லது. புதன்கிழமை காலை வந்து பார்த்தால் இரவெல்லாம் நல்லது. அந்தச் சிப் கெட்டுப்போக வேண்டும் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்ட ஒரே பழுதாய்வுக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

நண்பகல் பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் காலையிலிருந்து பட்டினி. ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்து திரையை மேலே தள்ளிப் பார்த்தேன். 12:51, கெட்டது. 12:52, கெட்டது. பதினோரு வரிகள் தொடர்ந்து கெட்டது. பிறகு 1:02-க்கு நல்லது. அதற்குப் பிறகு எல்லாம் நல்லது, ஒன்றுமே நடக்காதது போல. அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பகலும் கண் கொட்டாமல் பார்த்தவனுக்குக் காட்டாமல், நான் ஒரு பிடி சோறு தின்னப் போன நேரத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

உங்களில் யாராவது இப்போது, "குவாண்டம்னா அதானேண்ணே, பார்த்தா ஒரு மாதிரி, பார்க்காட்டி ஒரு மாதிரி" என்று சொல்ல வாயெடுத்தால் மூடிக்கொள்ளுங்கள். அந்தப் பிழையைச் செய்யாத ஆளே இல்லை, நானும் பத்து வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானுக்கு மணியத்தைத் தெரியாது. கருவி அதைத் தொட்டுக் குறித்துக்கொண்டாலே அது பார்த்தது ஆகிவிட்டது. திரைக்கு முன்னால் மனிதன் இருந்தாலும் பூனை இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

நடந்தது என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது. சுவருக்குள் ஒரு நுண்ணிய குறை இருக்கிறது. அதில் ஓர் எலக்ட்ரான் சிக்கி உட்கார்ந்தால் செய்தி கசிகிறது. கிளம்பிப் போய்விட்டால் கசிவு நின்றுவிடுகிறது. எப்போது உட்காரும், எப்போது எழுந்து போகும் என்பதற்குக் கணக்குக் கிடையாது. சூட்டுச் சோதனையின் போது அது எழுந்து போயிருந்தால் சிப் நல்ல பிள்ளையாகத் தேறிவிடும். ஆக, பார்வதி ஒழுங்காகச் சோதித்திருந்தாலும் இந்தச் சிப் வெளியே போயிருக்கலாம்.

அன்று மாலை படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்கு ஓடினேன். ஞாயிறு வகுப்புக்கு வரும் ஓர் அம்மாளை அங்கே வரச் சொல்லியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, என் யோசனையை வெற்றிக் களிப்போடு எடுத்து வைத்தேன்.

"நாளைக்கு குவாண்டம்னு ஒரு வார்த்தையப் போட்டா போதும் டீச்சர். அது எப்ப குதிக்கும்னு யாருக்கும் தெரியாது, அதனால யார் மேலயும் குத்தம் இல்லன்னு சொல்லிடறேன். பார்வதி தப்பிச்சிருவா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லு. எல்லாரும் தலையாட்டுவாங்க. புரியாத வார்த்தைன்னா தலையாட்டறது சுலபம். ஆனா அன்னிக்கு அவ பச்ச லைட்ட பார்த்தாளா இல்லையா, அதுவும் குவாண்டமா?"

நான் கடைக்காரரிடம் இன்னொரு தேநீர் சொன்னேன்.

"ரெண்டு 'தெரியாது' இருக்கு மணியம். அவ லைட்ட பார்த்தாளான்னு நமக்குத் தெரியாது. ஆனா பார்த்திருப்பா, இல்ல பார்த்திருக்க மாட்டா. ரெண்டுல ஒன்னு நடந்து முடிஞ்சி போச்சு. அது நம்ம அறியாமை. எலக்ட்ரான் ஏன் பன்னெண்டு அம்பத்தொன்னுக்கு உட்கார்ந்துச்சின்னு கேட்டா, அங்க தெரிஞ்சிக்கறதுக்கே ஒன்னும் இல்லன்னு எங்கள்ல முக்காவாசிப் பேர் சொல்றோம். மண்ணு இருக்கு, சக்கரம் இருக்கு. ஏன் இந்த நிமிஷம்னு கேட்டா, குயவன் இல்ல. இருக்கான், நம்ம கண்ணுக்குத்தான் தெரியலன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அந்தச் சண்ட இன்னும் தீரல. இந்த ரெண்டையும் நீ கலந்தா, அது விஞ்ஞானமும் இல்ல, சித்தாந்தமும் இல்ல."

குயவன் இல்லை என்ற வார்த்தை என்னைக் குத்தியது. வகுப்பில் பத்து வருடம் கேட்டதெல்லாம் என்ன ஆவது? முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "உன் கடவுள நான் ஒன்னும் சொல்லல. அந்தக் குயவனோட நாற்காலிய அவருக்கே வெச்சிக்க. காலியா இருக்கேன்னு பக்கத்துல நின்ன பொம்பளையப் பிடிச்சி அதுல உட்கார வெக்காத. அவ்வளவுதான்" என்றார்.

வியாழக்கிழமை பத்து மணி. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். விசாரணைக்குத் தலைவராக இருந்த அம்மாளுக்கு மனிதவளப் பிரிவில் நல்ல பெயர், நேர்மையானவர் என்று. இந்தப் பக்கம் பார்வதி, சாயம் போன நீலச் சீருடையில், கைகளை மடியில் பூட்டிக்கொண்டு. சந்திரன் எனக்குச் சொல்லாமலேயே இரண்டாவது சிப்பையும் கருவியையும் ஒரு வண்டியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பேச்சு ஆங்கிலத்திலும் மலாயிலும் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

பதினோரு வரிகள் உள்ள காகிதத்தை நீட்டினேன். தலைவர் படித்துவிட்டு, "இது நடந்தபோது நீங்கள் பார்த்தீர்களா?" என்றார்.

"இல்லை, கருவி பார்த்தது. நான் சாப்பிடப் போயிருந்தேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். தலைவர் வண்டியைக் காட்டி, "அப்படியானால் இப்போதே ஓட்டிக் காட்டுங்கள். நாங்களும் பார்க்கிறோம்" என்றார். சந்திரனின் கை பொத்தானுக்குப் போய்விட்டது.

அந்த ஒரு நொடிதான். ஓட்டினால் இந்த அறையில் அது நல்லது, நல்லது என்றுதான் சொல்லும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுத்தால் எதையோ மறைக்கிறேன் என்று ஆகும்.

"ஓட்டுகிறேன், அம்மா. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். சிப் கெட்டது என்று வந்தால் என்ன முடிவு செய்வீர்கள், நல்லது என்று வந்தால் என்ன முடிவு செய்வீர்கள், இரண்டையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்."

அவருக்குக் கோபம் வந்தது. வந்தாலும் பேனாவை எடுத்தார். கெட்டது என்று வந்தால், சூட்டுச் சோதனை அதைப் பிடித்திருக்க வேண்டும், ஆகவே சோதனை நடக்கவில்லை என்று எழுதினார். அடுத்த வரிக்கு வந்தார். நல்லது என்று வந்தால், என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நல்லது என்று வந்தால் உங்கள் பதினோரு வரிகளை நம்ப முடியாது. ஆகவே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"பூ விழுந்தாலும் அந்தப் பெண் தோற்கிறாள், தலை விழுந்தாலும் தோற்கிறாள்" என்றேன். "அப்புறம் எதற்கம்மா சுண்டிப் பார்ப்பது? அவர் முத்திரை குத்தியதும் நடந்தது, சிப் கெட்டதும் நடந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கலாம்."

தலைவர் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "அப்படியானால் அவர் சோதனையை நடத்தினார் என்று சொல்கிறீர்களா?"

பார்வதி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆமாம் என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "இந்தச் சிப்புக்கும் தெரியாது. சோதித்திருந்தாலும் இது கெட்டிருக்கும், சோதிக்காவிட்டாலும் கெட்டிருக்கும். இதை அவருக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பது மட்டும்தான் நான் அளந்தது."

பார்வதியின் தலை குனிந்துவிட்டது. தலைவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இரண்டு சிப்புகள் வந்ததாக இருக்கிறதே, மற்றது எங்கே?" என்றார். சந்திரன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதை நான் கெடுத்துவிட்டேன். சோதிக்கும் முன்னாலேயே சூடேற்றிவிட்டேன். இவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தடயம் அதில் இருந்திருக்கலாம். அது என் தவறு, வேறு யாருடையதும் அல்ல. எழுதிக்கொள்ளுங்கள்." முப்பத்தேழு வருட வேலையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

அப்போதுதான் பார்வதி எழுந்து நின்றார். மலாயில் ஆரம்பித்துத் தமிழில் போனார், சந்திரன் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "நான் முன்னாடியே சாப் அடிச்சேன். ரெண்டு மணிக்கு. தினமும் அப்படித்தான் அடிப்போம், பஸ்ஸுக்காக. அன்னிக்கு லைட்ட பார்த்தேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. சாப் அடிச்சது நான்தான். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்." உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

தலைவர் வெகுநேரம் எழுதினார். லைனில் இருக்கும் எல்லாத் தட்டுகளின் காகிதங்களையும் கொண்டுவரச் சொன்னார். அப்போது நேரம் பகல் பன்னிரண்டு, இயந்திரங்கள் பாதிகூட ஓடியிருக்கவில்லை. வந்த காகிதங்களில் மூன்றில் ஏற்கெனவே முத்திரை இருந்தது. மூன்றும் மூன்று பேருடையவை.

பார்வதிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. வேலை போகவில்லை. படிவத்தில் நான் 'பொருள்' என்று குறி போட்டு, கீழே எழுதினேன்: சுவரில் குறை உண்டு, எப்போது கசியும் என்பதற்குக் காரணம் சொல்ல இயலாது, ஒரே முறை சோதித்தால் போதாது. வாடிக்கையாளர் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பினார், காரணம் போதவில்லை என்று. இரண்டு முறையும் ஒரு புள்ளிகூட மாற்றாமல் அனுப்பினேன். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு நீங்கள் ஒவ்வொரு தட்டையும் பல முறை சோதிக்கிறீர்களே, அது அப்படித்தான் வந்தது. மூன்று பத்து பஸ்ஸை மூன்று இருபதாக்கும்படியும் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

விசாரணை முடிந்த அன்று பார்வதிக்கு பஸ் போய்விட்டது. என் காடியில் ஏற்றிப் படகுத்துறை வரை கொண்டுபோய் விட்டேன். பாதி வழி தாண்டியிருப்போம்.

"அண்ணே, ஆமான்னு சொல்லியிருக்கலாமே" என்றார் திடீரென்று.

"சொல்லியிருக்கலாம். கோபமா?"

"கோபந்தான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்" என்றார். துறை கண்ணில் படும்போது கேட்டார். "அப்ப யாருதாண்ணே காரணம்?"

டீச்சர் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். மண், சக்கரம், காலியான நாற்காலி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"யாரும் இல்லன்னா, நான் யார்கிட்டண்ணே மன்னிப்பு கேக்கறது? மூனு நாளா மனசுக்குள்ள அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். இப்ப அதுவும் இல்லங்கறீங்க."

குற்றம் இல்லை என்று சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்த முட்டாள் நான். அவர் இறங்கிப் படகுக்கு நடந்து போனார். வகுப்பில் பிறகு கேட்டுப் பார்த்தேன், டீச்சரிடமும் கேட்டேன். நல்ல நல்ல பதில்கள் சொன்னார்கள். எதையும் அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் ஏதோ வேலையாக மூன்று மணிக்கு லைன் பக்கம் போனேன். எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகு மற்றவர்கள் சாப்பை மூன்று மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கையில் பையோடு வாசலைப் பார்த்து நின்றார்கள். பார்வதி மட்டும் இயந்திரத்துக்கு முன்னால், கையில் முத்திரையோடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு என்னவோ இயந்திரம் கொஞ்சம் தாமதம். மூன்று ஏழு. மூன்று ஒன்பது. வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. "பார்வதி, வா லா!" என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. ஹார்ன் இன்னொரு முறை அடித்தது, பிறகு பஸ் கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

மூன்று பதினான்குக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பார்வதி அதை நன்றாகப் பார்த்தார். பிறகு காகிதத்தை நேராக வைத்துச் சாப் அடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, டவுன் பஸ் பிடித்துப் படகில் போவதற்காகச் சாலைக்கு நடந்தார். நான் ஓய்வு பெறும்வரை பார்த்த எல்லா நாளும் அப்படித்தான் போனார்.